எடை பார்த்து வாங்கிய சிடி ரைட்டர்

சாத்தூரில் வெயில்முத்து அண்ணாச்சியின் சேவுக்கடை மாடியில் குடியிருந்த செசிலியின் கம்ப்யூட்டர் மாசி மாதத்தில்தான் கனக்கத் தொடங்கியது என்று சிலர் சொல்வார்கள். இல்லையில்லை, முந்தின ஐப்பசி மழையிலேயே உத்தரம் இறங்க ஆரம்பித்துவிட்டது, எண்ணெய்ப் புகைக்குள் நின்ற அண்ணாச்சிதான் கவனிக்கவில்லை என்று வேறு சிலர் சொல்வார்கள். எப்படியோ, ஒருநாள் காலையில் சேவுக் கரண்டியில் மாவை அழுத்தித் தேய்த்துவிட்டு இடுப்பை நிமிர்த்திய வெயில்முத்துவின் தலை நங்கென்று உத்தரத்தில் இடித்தது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் யார் தலையும் இடித்ததில்லை. தலையைத் தடவிக்கொண்டே மாடி ஏறினார்.

மேலே தரை ஒரு பெரிய சட்டியைப் போலக் குழிந்திருந்தது. குழியின் நடுவில் செசிலியின் சிபியு பெட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தது. நாற்காலி சறுக்காமல் இருக்க அதன் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு, செசிலி யாரோ ஒரு பெரியவரின் படத்தைச் சுற்றி ரோஜாப்பூ பார்டர் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில்முத்து குனிந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. கடையில் வேலை பார்த்தவர்களைக் கூட்டிவந்து எல்லாருமாகத் தம் கட்டித் தூக்கியும் அசையவில்லை.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு அண்ணாச்சி. ஒவ்வொரு ஆளா உள்ள வர வரக் கூடிக்கிட்டே போகுது" என்றாள் செசிலி, தண்ணீர்த் தொட்டி நிறைவதைச் சொல்வதுபோல.

உள்ளே வந்த ஆட்கள் யாரென்றால், ஊரில் இறந்துபோனவர்கள். செசிலியின் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் திரும்பி வரும்போது தாடியோடுதான் வருவார்; அவர் வாங்கிக் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டரில் அவள் டிடிபி வேலை பார்த்தாள். பூப்புனித நீராட்டு விழா, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எல்லாப் பத்திரிகையும் வந்தாலும் அவளுக்குக் கைராசி என்னவோ கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான். எழவு வீட்டிலிருந்து ஒருவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடிவருவார். கையில் ரேஷன் கார்டு இருக்கும், இல்லாவிட்டால் யார் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படம் இருக்கும். செசிலி அதை ஸ்கேன் செய்து, பக்கத்து இலைக்காரரின் தோளை நீக்கி, வாயிலிருக்கும் சோற்றை நீக்கி, பாதி மூடின கண்ணைத் திறந்துவிட்டு, இறந்தவரை அவர் உயிரோடிருந்தபோது ஒருநாளும் இருந்திராத கம்பீரத்தோடு உட்காரவைப்பாள். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அதே வீட்டார் வருவார்கள், கையை விரித்துக்கொண்டு, படத்தைத் தொலைத்துவிட்டு. அவள் கம்ப்யூட்டரைத் திறந்து எடுத்துக் கொடுப்பாள். அதனால் அவள் எந்த முகத்தையும் அழிப்பதில்லை.

அதையெல்லாம் அழித்துவிட்டால் என்ன என்று வெயில்முத்து கேட்டார். அவருக்கு நியாயமான கவலை இருந்தது: உத்தரத்துக்கு நேர் கீழேதான் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"பாதிப் பேருக்கு வேற போட்டோவே கிடையாது அண்ணாச்சி. கரையான் தின்னது போக, மழையில நனைஞ்சது போக, இங்க மட்டுந்தான் இருக்காங்க. நான் ஒரு பட்டனை அமுக்குனா அவங்க ரெண்டாம் வாட்டி செத்துப்போவாங்க" என்றாள்.

அண்ணாச்சி கீழே இறங்கினார். கொத்தனாரைக் கூட்டிவந்து கடைக்கு நடுவில் ஒரு கல்தூணை நிறுத்தி உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்லத்தக்கது. தூண் வந்த மறுநாளே சேவு வாங்க வந்தவர்கள் அதில் பையை மாட்டினார்கள். அதற்கடுத்த வாரம் கோயில் கொடை நோட்டீஸை அதில் ஒட்டினார்கள். இடுப்பு வலிக்காரர்கள் முதுகைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டார்கள். செசிலி யாருடைய படத்தைத் திறக்கிறாளோ அவருடைய கனத்துக்குத் தகுந்தபடி உத்தரம் முனகும் என்பது தெரிந்ததும், குடும்பம் குடும்பமாக வந்து கடைக்குள் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்கள். எங்க அப்பாவுக்குத்தான் நல்லா முனகுச்சு என்று ஒரு வீட்டார் மார்தட்டினார்கள். உங்க அப்பாவுக்கு எலி கத்தின மாதிரிதான் கேட்டுச்சு, எங்க பெரியம்மாவுக்குச் சுண்ணாம்பே உதிர்ந்துச்சு என்று இன்னொரு வீட்டார் சண்டைக்கு நின்றார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் தாத்தாவின் கனத்தை விசாரிக்கிற அளவுக்கு விஷயம் முற்றியது. இறந்தவர்கள் கம்ப்யூட்டருக்குள் கனப்பதைப் பற்றி ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர்கள் லேசாகவா இருந்தார்கள் என்று கேட்டார்கள்.

ஆனால் தூணிலும் விரிசல் விட்டது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குமேல் தாங்காது, அதற்குள் கனத்தை இறக்கிவிடுங்கள் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார். வெயில்முத்து அன்று சேவில் உப்புப் போட மறந்தார். மாடி ஏறிப்போய், படியிலேயே நின்றுகொண்டு, ஒன்று முகங்களை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார். காலி செய்தாலும் அந்தப் பெட்டியைக் கீழே இறக்க முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லி முடித்ததும் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

செசிலி அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. "சிடி ரைட்டர்னு ஒண்ணு வந்துருக்கு. உள்ள இருக்கிறத வட்டத்தட்டுல எழுதி வெளிய எடுத்துரலாம். அவங்கவங்க வீட்டுல குடுத்துரலாம்" என்றாள்.

"படம் வந்துரும். கனமும் சேந்து வருமா?"

"அதப் பாத்துத்தான் அண்ணாச்சி வாங்கணும்."

எதையாவது வாங்கித் தொலைப்பதற்கும், பார்த்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர் வெயில்முத்து. ஒரு மூட்டை மிளகாய் வற்றலுக்கு மூன்று ஊர்ச் சந்தை சுற்றியவர். அந்த ஒரு வார்த்தையிலேயே அவருக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. மறுநாள் கடைக்கு லீவு விட்டுவிட்டு, சின்னத் தராசையும் படிக்கற்களையும் பையில் போட்டுக்கொண்டு அவளோடு மதுரைக்குப் பஸ் ஏறினார். செசிலியின் கூடையில் ஒரு ஃபிளாப்பி இருந்தது. மற்றவர்களின் படமெல்லாம் பெரிசு, ஃபிளாப்பிக்குள் அடங்காது. ஒருவர் மட்டும், குருபாதம் வாத்தியார், பாஸ்போர்ட் சைஸ் படத்தில் அடக்கமாக இருந்ததால் அதற்குள் வந்துவிட்டார். வந்தவர் ஃபிளாப்பியையும் அம்மிக்குழவி கனத்துக்கு ஆக்கிவிட்டார். பஸ்ஸில் கூடையை மடியில் வைக்க முடியாமல் காலுக்கிடையில் வைத்தார்கள்.

மதுரை ஸ்டேஷனுக்கு எதிரே பிரிகிற தெருக்களில் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருந்தன. முதல் கடைக்காரர் கழுத்தில் டை கட்டியிருந்தார். வேகம்தான் எல்லாம், இதைவிட வேகமான ரைட்டர் தென்மாவட்டத்திலேயே கிடையாது, நீங்கள் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் ஒரு சிடி முடிந்துவிடும் என்றார். செசிலி ஃபிளாப்பியைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னாள். டீ ஆறுவதற்குள் சிடி வந்துவிட்டது. வெயில்முத்து தராசைத் தூக்கிப் பிடித்து, ஒரு தட்டில் வெறும் சிடியையும் மறு தட்டில் எழுதிய சிடியையும் வைத்தார். தட்டுகள் சமமாக நின்றன. மானிட்டரில் வாத்தியாரின் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் பிரம்பைத் தூக்கினால்கூட யாரும் பயப்படாத முகமாக இருந்தது. "படம் வந்துருச்சு, ஆளு வரல" என்று சொல்லி செசிலி எழுந்துகொண்டாள்.

அடுத்த கடையில் வெளியே வைத்துக்கொள்கிற ரைட்டரைக் காட்டினார்கள். நகைப்பெட்டி மாதிரி இருந்தது, கறுப்பு நிறம், நீல விளக்கு, ஊருக்கு ஊர் எடுத்துக்கொண்டு போகலாம். வெயில்முத்துவுக்கு அதைப் பார்த்ததும் ஆசையாகிவிட்டது, இதையே முடித்துவிடலாம் என்று கண்ணைக் காட்டினார். எழுதிப் பார்த்தார்கள். தட்டு ஒரு மூக்குத்தி கனத்துக்கு இறங்கி நின்றுவிட்டது. செசிலி அந்த ரைட்டரை அன்பாகத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல சாமான்தான், நமக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்தாள். இப்படியே கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எந்தக் கடைக்காரரும் ஏன் சிடியை நிறுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் எடை போட்டு வாங்குகிற ஊர்க்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் மட்டும் தராசில் முள் சரியாக இல்லை என்று குறை சொன்னார்.

வெயில் சாயும் நேரத்தில், சந்துக்குள் இருந்த ஒரு சின்னக் கடையில், கோவர்த்தன் என்கிற சௌராஷ்டிரக்காரர் எல்லாப் புது மாடலையும் எழுதிக் காட்டித் தோற்றுவிட்டு, சலித்துப்போய், தான் வேலை பார்க்கிற பழைய மிஷினிலேயே ஃபிளாப்பியைப் போட்டார். அதிலிருந்த ரைட்டர் பழுப்பேறியிருந்தது. எழுதச் சொன்னதும் முதலில் தொண்டையைச் செருமியது, பிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. டீ வந்தது, குடித்தார்கள், கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்கள், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டேயிருந்தது. ஒருவழியாக ட்ரே வெளியே வந்தபோது கொஞ்சம் தாழ்ந்தே வந்தது. வெயில்முத்து சிடியைத் தட்டில் வைத்ததும் தட்டு மடாரென்று மேஜையில் இடித்தது. மறு தட்டில் படிக்கல்லுக்குமேல் படிக்கல்லாக வைத்தும் அது எழவில்லை. கூடையிலிருந்த ஃபிளாப்பியோ காகிதம்போல லேசாகியிருந்தது. செசிலி இரண்டு கையாலும் அந்தச் சிடியைத் தூக்கி, "வணக்கம் சார்" என்றாள்.

கோவர்த்தன் விற்க மாட்டேன் என்றார். பழைய சாமானை விற்றால் கடைப் பெயர் கெட்டுவிடும் என்றார். செசிலி அவரோடு வாதம் செய்யவில்லை, சாத்தூர் மாடியில் காத்திருப்பவர்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தன் மிஷினிலிருந்து ரைட்டரைக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

"இதுக்கு அவசரம் ஆகாதுக்கா. எழுதறப்ப மவுஸைத் தொடக்கூடாது, பக்கத்துல சத்தம் போட்டு நடக்கக்கூடாது. முக்கியமா, யாராவது பக்கத்துல இருக்கணும். ஆள் இல்லேன்னா பாதியில நிறுத்திப்புடும்" என்றார்.

வெயில்முத்து திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க அவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இத்தனை பளபளப்பையும் வேகத்தையும் பார்த்துவிட்டு, பழுப்பேறின ஒன்றுக்காக நாள் முழுக்கப் பட்டினி கிடக்க எத்தனை பேருக்குப் பொறுமை வரும் என்று நினைத்தார். தன் கடை மாடியில் இப்படி ஒருத்தி குடியிருப்பது பெருமையாக இருந்தது. காலி செய்யச் சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் உத்தரம் உத்தரம்தானே.

எழுதுகிற வேலை தொடங்கியது. யாருடைய முகம் எழுதப்படுகிறதோ அவர் வீட்டார் குளித்துவிட்டு வந்து பெட்டியைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள். சத்தம் ஆகாது என்பதால் கீழே வெயில்முத்து அடுப்பை அணைத்தார். சேவு வாங்க வந்தவர்கள் அவசரப்படாமல் தூணில் சாய்ந்து நின்றார்கள். தெருவில் வெள்ளரிக்காய் விற்றவர்கள் கூவாமல் கையைக் காட்டி விற்றார்கள். சொந்தக்காரரின் கை பட்டதும் சிடியின் கனம் குறைந்து தூக்கக்கூடியதாகிவிடும்; தாங்கிக்கொள்ள ஆள் வந்துவிட்டதல்லவா. அதைக் கொண்டுபோய்ப் பார்க்கப் பல வீடுகளில் கம்ப்யூட்டர் கிடையாது. சாமி அலமாரியில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மினுங்குகிற பக்கத்தில் வைக்காதீர்கள், எழுத்து கெட்டுப்போகும், மறுபக்கம் வையுங்கள் என்று செசிலி தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாரும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அப்படியும் உத்தரம் ஒரு விரற்கடைக்குமேல் ஏறவில்லை. பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிவிட்டது. தூணில் விரிசல் கை நுழையும் அளவுக்கு இருந்தது. வெயில்முத்து மேலே போய், இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

செசிலி ஒரே ஒரு முகத்தைத் திறந்தாள். உத்தரம் முனகவில்லை, அலறியது.

அது சொரிமுத்து. ஊரில் எல்லாருடைய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரையும் சுவரில் ஒட்டியவன். சைக்கிளில் பசை வாளியை மாட்டிக்கொண்டு, எழவு வீட்டில் பறைச்சத்தம் கேட்பதற்குள் பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டி முடித்துவிடுவான். எங்கிருந்து வந்தான், யாருக்குப் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை. போன வருஷம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். யாரும் சொல்லாமலே செசிலி அவனுக்கு ஒரு போஸ்டர் செய்து, அச்சடித்தும் வைத்திருந்தாள். ஒட்டுகிறவன் அவன்தான்; அவன் போனபிறகு அவரவர் வீட்டார் அவரவர் போஸ்டரை ஒட்டிக்கொண்டார்கள், அவனுடையதை ஒட்ட ஆள் இல்லை. ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்ட கனத்தில் பெரும்பங்கு இவனுடையது என்று அப்போதுதான் தெரிந்தது. மற்ற முகங்களைத் தாங்க ஆளுக்கொரு வீடு இருந்தது. இவன் முழுக்கனமும் அந்தப் பெட்டியின்மேலேயே இருந்தது.

செசிலி எழுதவைத்தாள். அவளும் வெயில்முத்துவும் பக்கத்தில் நின்றார்கள். ஆள் பக்கத்தில் இருந்தும் பாதியில் நின்றுவிட்டது. வேறு சிடி போட்டாள், அதுவும் பாதியில் நின்றது. வீணான சிடிகள் ஜன்னலோரத்தில் குவிந்தன. வெயில்முத்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். போஸ்டரில் முகம் இருந்தது, ரோஜாப்பூ பார்டர் இருந்தது, பிறந்த தேதி இல்லை, கீழே "இவண்" என்று போட்டு அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மகன்கள், மகள்கள், பேரன் பேத்திகள் என்று அடைத்துக்கொண்டு வருகிற இடம் வெள்ளையாகக் கிடந்தது.

வெயில்முத்துவின் அப்பாவுக்கும் அவன்தான் ஒட்டினான். சேவு ஒரு பொட்டலம் கொடுத்தாரே தவிர, சாப்பிட்டாயா என்றுகூட அவனைக் கேட்டதில்லை.

"என் பேரப் போடும்மா" என்றார்.

"உறவு என்னன்னு போட அண்ணாச்சி?"

"அண்ணன்னு போடு."

அவள் அடித்தாள். உத்தரம் லேசாக மூச்சுவிட்டது. வெயில்முத்து தடதடவென்று கீழே இறங்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தெருவில் போனவர்களிடமெல்லாம் சொன்னார். முதலில் குருபாதம் வாத்தியாரின் மகள் படியேறி வந்து, தங்கை என்று போடச் சொன்னாள். தன் பெரியம்மாவின் கனத்துக்காகச் சண்டை போட்டவர் வந்து மருமகன் என்று போடச் சொன்னார். அவன் யார் யாருக்கு ஒட்டினானோ அந்தந்த வீட்டிலிருந்து வந்துகொண்டேயிருந்தார்கள். சித்தப்பா, மச்சான், மாமன், பேரன் என்று சாதியையும் வயசையும் பார்க்காமல் உறவு சொன்னார்கள். பேர்கள் பெருகப் பெருக எழுத்து சின்னதாகி, பார்டரைத் தாண்டி, ரோஜாப்பூவையெல்லாம் எடுத்துவிட்டு அங்கேயும் பேர்களை வைக்க வேண்டியதாயிற்று. மாடி கொள்ளாமல் படியில் நின்றார்கள், படி கொள்ளாமல் தெருவில் நின்றார்கள். ரைட்டர் தொண்டையைச் செருமியது. தெருமுனையில் பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தார். அத்தனை பேர் நின்ற இடத்தில் அந்தப் பழைய மிஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டது.

ட்ரே வெளியே வந்தது. செசிலியும் வெயில்முத்துவும் சேர்ந்து பிடித்தும் சிடியை நூலளவுதான் தூக்க முடிந்தது. வாத்தியாரின் மகள் ஒரு கை கொடுத்தாள், பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். கைக்குக் கை மாறிப் படியிறங்கும்போது ஒவ்வொரு கையும் கொஞ்சம் கனத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளியது. கீழே கடை வாசலுக்கு வந்தபோது ஒரு தேங்காய் கனம், தெருமுனைக்குப் போனபோது ஒரு முழம் பூவின் கனம். கடைக்குள் உத்தரம் தன் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டது. கல்தூணுக்கும் அதற்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

செசிலி பேர்கள் நிறைந்த போஸ்டரைப் புதிதாக அச்சடித்து வாங்கி வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கடை வாசலில் நின்றாள். நீ எங்கேயும் காலி செய்ய வேண்டாம் என்று வெயில்முத்து சொல்ல நினைத்திருந்தார். அதைச் சொல்லாமல், "இங்க குடும்மா, நான் ஒட்டுறேன்" என்றார். சேவுக்கு வைத்திருந்த மாவிலேயே பசை காய்ச்சி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைச் சுவரில் தொடங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிக்கொண்டே போனார். பழக்கமில்லாத கை, ஒன்று கோணலாக இருந்தது, ஒன்று சுருங்கியது, ஒன்று முகத்துக்கு நேராகக் காற்றுப் புகுந்து உப்பிக்கொண்டது. நின்று பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சொரிமுத்து இருந்திருந்தால் நேராக ஒட்டியிருப்பான் என்றார்கள். அவன் இல்லாததை அந்த ஊர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.